முகம் காட்டப்படாத பணிப்பெண்

‘டாம் அண்ட் ஜெர்ரி’ கேலிச்சித்திரப் படங்களைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. டாம் பூனையைத் துடைப்பத்தால் விரட்டும் கறுப்பினப் பணிப்பெண்ணும் பலருக்கு நினைவிருக்கலாம். அவரது முகம் எப்படியிருக்கும் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். 1940 முதல் 1952 வரை வெளிவந்த படங்களில் பெரும்பாலும் அவரது கால்களையே காண முடிந்தது. குரல் கொடுத்தவர் கறுப்பின நடிகை லில்லியன் ரண்டால்ஃப். ஆனால், அவரது பெயர் திரையில் இடம்பெறவில்லை.

கறுப்பினப் பெண் என்றாலே வீட்டு வேலைக்காரி என்று காட்டிய அமெரிக்கத் திரையுலகின் வழக்கமே இங்கும் தொடர்ந்தது. 1960களில் தொலைக்காட்சிக்காகச் சில படங்கள் திருத்தப்பட்டபோது, அவருக்குப் பதிலாக வெள்ளைக்காரப் பெண் வரையப்பட்டார், குரலும் மாற்றப்பட்டது.

இழிவான சித்திரிப்பு மாற வேண்டியதுதான். ஆனால், அவருக்கு ஒரு முகம் தருவதற்குப் பதிலாக, இருந்த குரலையும் பறித்துவிட்டார்கள். பிள்ளைகள் பார்க்கும் படங்களில் யார் வருகிறார்கள், எப்படி வருகிறார்கள் என்பதைப் பெற்றோரும் கவனிப்பது அவசியம்.