சிறுத்தொண்டர் வரலாறும் வாதாபிப் போரும்

அடியார் சரிதங்களைப் பத்தி நூலென்று மட்டுங் கொண்டு சரித்திர ஆராய்ச்சிக்குப் புறம்பாக்குவாரும், கல்லிலும் செம்பிலும் பொறித்தனவன்றிப் பிறவற்றைக் கொள்ளாதாரும் உளர். சிறுத்தொண்ட நாயனார் வரலாறு இவ்விருவரையும் மறுக்கும்.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் இந்நாயனாரின் பெயரையும் ஊரையுமே சுட்டினார். 12-ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் பெருமானோ, பரஞ்சோதியார் என்னும் இயற்பெயரும், ஆயுள்வேதமும் வடநூலும் கற்ற கல்வியும், யானை குதிரை செலுத்தும் வன்மையும் விரித்தோதி, அவர் தம் மன்னன்பொருட்டு வாதாபி நகரை அழித்து மீண்டார் என்றுங் கூறினார். மன்னன் பெயரை மட்டும் அவர் கூறிற்றிலர். புனைந்துரைப்பார்க்கு ஓர் அரசன் பெயரை இட்டுரைத்தல் அரிதன்று; கேட்டதற்குமேற் கூறாமையே அவர்தம் நேர்மைக்குச் சான்று.

இச்சிறு குறிப்பின் பயன் பின்னரே விளங்கிற்று. கால்டுவெல் பாதிரியார் திருஞானசம்பந்தரை 13-ஆம் நூற்றாண்டினர் எனக் கருதினார். மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளையவர்கள் (1855–1897) அக்கொள்கையை மறுத்து, சம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டவராகார் என நிறுவினார். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் 642-ஐ ஒட்டிச் சளுக்கியர் தலைநகராகிய வாதாபியைக் கைக்கொண்டமை செப்பேடுகளாலும் அந்நகர்ப் பாறைக் கல்வெட்டாலும் வெளிப்பட்டது. கல்வெட்டறிஞர் வெங்கையர் இதனைப் பெரியபுராணச் செய்தியோடு இயைத்தனர். செப்பேடு அரசனைக் கூறும், இச்சேனாபதியைக் கூறாது. புராணம் சேனாபதியைக் கூறும், அரசனைக் கூறாது. திருச்செங்காட்டங்குடிப் பதிகத்தில் சம்பந்தர் சிறுத்தொண்டரைப் பாடினமையின், ஒருவர் காலம் துணியவே மற்றவர் காலமுந் துணியப்பட்டது.

எனினும், மகவை அரிந்து வயிரவர்க்கு அமுதாக்கிய செயலுக்குக் கல்வெட்டுத் தேடுதல் வீண். திருக்களிற்றுப்படியார் அதனை வல்வினையென வகுத்து ஆராய்ந்தது. அங்கு வேண்டுவது சாத்திரப் பயிற்சியே. சேக்கிழார்தாமும் போரைச் சுருக்கி இதனையே விரித்தார்.

நாயனார் வாதாபியினின்று விநாயகர் திருவுருவங் கொணர்ந்தார் என்று பலரும் வழங்குவர். பெரியபுராணத்தில் அச்செய்தி இல்லை. அவர் கொணர்ந்தனவாக அந்நூல் கூறுவன மணியும் நிதியும் யானையும் குதிரையுமே.