மருந்துக்கு அடங்காத கிருமிகள் (கல்முனைக் கரையோரம்)

நோயாளியின் இரத்தம், சிறுநீர், சளி, புண் ஆகியவற்றிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பற்றீரியாக்கள், தம்மை நாசஞ்செய்வதற்கென்றே கொடுக்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் நடுவிலும் அழியாது விருத்தியடையும் தன்மை மருந்தெதிர்ப்பு எனப்படும். எதிர்ப்பது கிருமியேயன்றி நோயாளியின் உடம்பன்று. 'இந்தக் குளிசை எனக்குப் பழகிப்போயிற்று' என்று வாட்டுகளிற் சர்வசாதாரணமாகக் கேட்கும் பேச்சு இவ்வேறுபாட்டை மறைத்துவிடுவதால், அன்டிபயோட்டிக் மருந்தை வாழ்நாளில் ஒருமுறையேனும் உட்கொள்ளாத ஒருவரும் பிறரிடத்தில் வளர்ந்த எதிர்ப்புக் கிருமியாற் பீடிக்கப்படலாம் என்ற உண்மை பலருக்குப் புலனாவதில்லை.

இலங்கையின் கிழக்குக் கரையில், வடக்கே மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வழியாகத் தெற்கே பொத்துவில் வரை, பெரும்பாலும் முஸ்லிம்களும் இடையிடையே தமிழரும் வாழும் ஊர்கள் தொடராக அமைந்துள்ளன. இவ்வூர்கள் அடங்கிய அம்பாறை ஒரே மாவட்டமாயினும் சுகாதார நிர்வாகத்தில் கல்முனைக்கெனத் தனிப் பிராந்தியப் பணிமனை உண்டு. 2000ஆம் ஆண்டு ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்த எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் பெயர்தாங்கிய ஞாபகார்த்த வைத்தியசாலையும், கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் ஒரே நகரிலே உள்ளன. அக்கரைப்பற்றிலும் சம்மாந்துறையிலும் ஆதார வைத்தியசாலைகள் உள. மேல்நிலைச் சிகிச்சை வேண்டுவோர் வடக்கே சுமார் 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்படுவர். 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடற்கோள் இக்கரையை வாரிச்சென்ற பின்னரும், மணற்பாங்கான ஒடுங்கிய நிலத்துண்டில் வீடு வீட்டை ஒட்டியும், ஒரே வளவில் கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகேயும் அமைந்த குடியிருப்பு முறை பெரிதும் மாறவில்லை. மனிதக் குடலில் வாழும் கிருமி ஒருவரிடமிருந்து மற்றொருவரைச் சென்றடைய இதைவிட வசதியான நிலம் தேடினாலும் கிடைப்பது அரிது.

1928இல் அலெக்சாந்தர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். அம்மருந்து நோயாளிகளின் கையை எட்டுமுன்னரே, 1940இல், ஏபிரகாமும் செயினும் அதனைச் சிதைக்கவல்ல நொதியமொன்று பற்றீரியாவில் இருப்பதைக் கண்டு வெளியிட்டனர். போதாத அளவில் மருந்தை உட்கொள்வோர் கிருமிக்கு எதிர்ப்பையே கற்பிக்கின்றனர் என்று 1945ஆம் ஆண்டு நோபல் பரிசுச் சொற்பொழிவில் பிளெமிங் தாமே எச்சரித்தார். மெதிசிலின் என்ற மருந்து 1959இல் வழக்கிற்கு வந்தது. அதற்கு அடங்காத ஸ்டஃபைலோகொக்கசு என்ற பற்றீரியா 1961இல் இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்டது. ஆக, மருந்தின் வரலாறும் எதிர்ப்பின் வரலாறும் தொடக்கமுதல் ஒன்றாகவே நடந்துவந்திருக்கின்றன.

கிருமி எதிர்க்கும் வழிகள் சில. மருந்தின் மூலக்கூறைச் சிதைக்கும் நொதியத்தைச் சுரப்பது, உட்புகுந்த மருந்தை வெளியே தள்ளுவது, புகும் வாயிலைச் சுருக்குவது, மருந்து பற்றும் இலக்கை உருமாற்றுவது என்பன அவற்றுள் முக்கியமானவை. இவற்றைக் காட்டிலும் பயங்கரமானது, இவ்வித்தைகளுக்குரிய பரம்பரை அலகுகள் பிளாஸ்மிட்டு எனப்படும் வளைய வடிவான டி. என். ஏ. துண்டுகளில் ஏறி, ஓர் இனக் கிருமியிலிருந்து வேறோர் இனக் கிருமிக்குத் தாவிச்செல்லக் கூடியமையாகும். குடலில் தீங்கின்றி வாழும் சாதுவான பற்றீரியா ஒன்று தன் எதிர்ப்பை நோய்விளைக்கும் அயற்கிருமிக்குத் தானமாக வழங்கிவிடலாம். பெற்ற கிருமி தன் சந்ததி முழுவதற்கும் அதனை விட்டுச்செல்லும்.

வாட்டுகளில் அடிக்கடி பிரித்தெடுக்கப்படுவன, சிறுநீர்த் தொற்றில் ஈ. கோலையும் கிளெப்சியெல்லாவும், புண்களில் ஸ்டஃபைலோகொக்கசும் சூடோமோனாசும், செயற்கைச் சுவாசத்தில் இருப்போரிடம் அசினெற்றோபக்டரும் ஆகும். இவற்றுள் அசினெற்றோபக்டர் கட்டிற் கம்பியிலும் மேசைமீதும் வாரக்கணக்கில் உலர்ந்தே உயிர்தரிக்கும். சீனி வருத்தமுள்ளவரின் காற்புண்ணோ பல மாதங்கள் பல மருந்துகளைக் கண்டது. அதிலிருக்கும் கிருமிகள் அம்மருந்துகள் அனைத்தையும் கண்டு தேறியவை. ஈ. கோலையும் கிளெப்சியெல்லாவும் செஃபலோஸ்போரின் மருந்து வகைகளைச் சிதைக்கும் நொதியங்களை, வைத்தியர் பேச்சில் ஈ. எஸ். பி. எல். என வழங்குவனவற்றை, இன்று இலங்கையில் மிகச் சாதாரணமாகச் சுரக்கின்றன. அப்போது மெரோபெனமும், அதுவும் தோற்குமிடத்துச் சிறுநீரகத்தைத் தாக்கும் பழைய மருந்தான கொலிஸ்டினும் எடுக்கப்படுகின்றன.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். நோயாளியிடம் காணப்படும் கிருமியெல்லாம் நோய்க்குக் காரணமான கிருமியன்று. சிறுநீர்க்குழாய் பல நாள் பொருத்தப்பட்டவரின் சிறுநீரில் பற்றீரியா இருப்பது ஏறக்குறைய நியதி. காய்ச்சலோ வேதனையோ இல்லாத அவருக்கு, கல்ச்சர் எனப்படும் கிருமி வளர்ப்பு அறிக்கையின் எழுத்தைமட்டும் நம்பி ஊசி ஏற்றுவது, நோயில்லாத இடத்தில் எதிர்ப்பை விதைப்பதாகும். மருந்து போதாமையால் நேரும் கேட்டை யாவரும் அறிவர். மருந்து மிகையால் நேருவதோ கண்ணுக்குத் தெரிவதில்லை.

எதிர்ப்பை அறியும் பரிசோதனை எளியது. மாதிரியிலிருந்து வளர்த்த கிருமியை அகார்த் தட்டிற் பரப்பி, மருந்து ஊட்டிய சிறு கடதாசி வட்டங்களை அதன்மேல் வைத்து ஓரிரவு வெப்பத்தில் விட்டால், மருந்து வென்ற இடத்தில் வட்டத்தைச் சூழத் தெளிந்த வெளி தோன்றும். அதன் விட்டத்தை மில்லிமீற்றரில் அளந்து தீர்ப்புச் சொல்லுவர். 'ஏ. பி. எஸ். ரி.' என நோயாளியின் உறவினரும் உச்சரிக்கப் பழகிவிட்ட அறிக்கை இதுவே. ஆனால் மாதிரி எடுத்தது முதல் அறிக்கை கைக்கு வரும்வரை இரண்டு மூன்று தினங்கள் செல்லும். அதற்கிடையே வைத்தியர் அனுமானத்தின் பேரிலேயே சிகிச்சை தொடங்க வேண்டியிருத்தலின், அவ்வனுமானத்துக்குத் துணையாக இலங்கை நுண்ணுயிரியலாளர் கல்லூரி 2016இல் தேசிய வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டது.

எதிர்ப்பு வைத்தியசாலையிலேயே பிறக்கிறது என்பது பொதுமக்கள் கருத்து. அது பாதி உண்மை. மற்றப் பாதி ஊரில் விளைகிறது. மாலைவேளைகளில் தனியார் டிஸ்பென்சரிகளில், எத்தனை வேளை என்பது மட்டும் எழுதிய சிறு கடதாசி உறைகளில், பெயரின்றி வழங்கப்படும் குளிசைகளை இரண்டு நாள் உண்டு, காய்ச்சல் தணிந்ததும் மீதியை அலுமாரியில் வைத்து, பின்னர் பிள்ளைக்கு வருத்தம் வந்தபோது அதனையே கொடுப்பது நமது வீடுகளில் அபூர்வமன்று. இவ்வாறு மருந்துண்ட ஒருவர் வாட்டில் அனுமதிக்கப்படும்போது, முன்னர் என்ன மருந்து உட்கொண்டார் என்று கேட்கும் வைத்தியருக்குக் கிடைக்கும் விடை 'வெள்ளைக் குளிசையும் ஒரு கெப்சூலும்' என்பதுதான். கல்ச்சர் எடுக்குமுன்னரே மருந்து உட்புகுந்துவிட்டதால், கிருமி தட்டில் வளராமற் போவதும் உண்டு.

வைத்தியரின் துண்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி விற்பது 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் காலந்தொட்டே தடைசெய்யப்பட்டது; 2015ஆம் ஆண்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமும் அத்தடையைத் தொடர்ந்தது. எனினும் ஒன்பது மாகாணங்களிலும் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வொன்றில், நோயாளிபோல் சென்று கேட்டவர்களுக்குப் பாதிக்கு மேற்பட்ட மருந்துக் கடைகள் துண்டின்றியே அவற்றைக் கொடுத்தன. வேண்டிய மருந்தை, வேண்டிய அளவில், அதன் உண்மைப் பெயரால் வழங்குக என்று வாதாடி, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை நிறுவ முன்னின்ற பேராசிரியர் சேனக பிபிலையின் நாடு இது என்பதை நினைக்க வெட்கமாயிருக்கிறது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோதோ, உரியதை விடுத்துக் கையிலிருப்பதைக் கொடுக்கும் நிர்ப்பந்தமும் சேர்ந்துகொண்டது.

பிரயாணமும் ஒரு காரணம். மெரோபெனம் இனத்தையே சிதைக்கும் என். டி. எம்.-1 என்னும் நொதியம் பற்றி 2010இல் வெளியான ஆய்வின் முதலாசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அவ்வாய்விற் சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகள் அந்நொதியத்துடன் காணப்பட்டன. புதுடில்லியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டதைப் பற்றி இந்தியாவில் எழுந்த கோபம் ஒருபுறமிருக்க, அதன் பயனாக 2012இல் சென்னைப் பிரகடனம் என்ற செயல்திட்டமும் பிறந்தது. சிகிச்சைக்குச் சென்னைக்கும், உழைப்புக்கு வளைகுடா நாடுகளுக்கும், கடமைக்கு மக்காவுக்கும் சென்றுவரும் கல்முனையாரின் குடலுக்கு எல்லைக் காவல் கிடையாது. ஹஜ் யாத்திரை முடித்து மீண்ட பிரெஞ்சு யாத்திரிகர் சிலரின் குடலில் முன்பில்லாத எதிர்ப்புக் கிருமிகள் காணப்பட்டமை பதிவாகியுள்ளது.

மனிதன் செய்யாத எதிர்ப்பும் உண்டு. வயல்மண்ணிலும் தேங்கிய நீரிலும் இயற்கையாக வாழும் பேர்க்கோல்டீரியா என்ற கிருமி, பெனிசிலினுக்கும் ஜென்டமைசினுக்கும் பிறவியிலேயே அடங்காதது. வெறுங்காலுடன் சேற்றில் இறங்கும் விவசாயியை, விசேடமாக அவருக்குச் சீனி வருத்தமும் இருப்பின், இது மெலியோய்டோசிஸ் என்ற கொடிய வியாதியாகப் பீடிக்கும். 1927இல் இலங்கையில் முதன்முதல் பதிவான இந்நோய் நெடுங்காலம் மறந்துகிடந்து, அண்மை ஆண்டுகளில் மட்டக்களப்பு உட்படப் பல மாவட்டங்களில் மீண்டும் அடையாளங் காணப்பட்டுள்ளது. செஃப்டசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது இரு வாரம், பின்னர் கோ-ட்ரைமொக்சசோல் மூன்று மாதமேனும் தேவைப்படும். சம்மாந்துறை வட்டைகளிலிருந்து காய்ச்சலோடு வருபவரிடம் இக்கிருமியையும் நினைப்பது வைத்தியரின் கடமை.

வாட்டுக்குள் பரவுதலைத் தடுப்பதில் கை கழுவுதலுக்கு நிகரான ஔஷதம் இல்லை. அற்ககோல் கலந்த கைத்திரவத்தைப் பூசத் தயங்கும் முஸ்லிம் தாதியரும் உறவினரும் ஒரு செய்தியை அறிந்திருப்பது நலம்: உலக முஸ்லிம் லீக்கின் பிக்ஹ் (இஸ்லாமியச் சட்ட) சபை 2002 ஜனவரியில் மக்காவிற் கூடியபோது, கிருமிகளைக் கொல்லவும் புண்ணைத் துடைக்கவும் அற்ககோலை வெளிப்பிரயோகமாக உபயோகிப்பது ஆகுமானது என்று தீர்மானித்தது.

2019இல் உலகெங்கும் சுமார் 12.7 இலட்சம் மரணங்களுக்குப் பற்றீரியாக்களின் மருந்தெதிர்ப்பே நேரடிக் காரணம் என மதிப்பிடப்பட்டுள்ளது. இக்கட்டுரையை வாசிக்கும் கரையோரத்தார், டிஸ்பென்சரியில் வாங்கும் ஒவ்வொரு குளிசையின் பெயரையும் உறையின்மீது எழுதித் தருமாறு கேட்பதையும், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவ்வுறைகளைக் கையோடு எடுத்துச்செல்வதையும் வழக்கமாக்கிக் கொள்ள வேண்டும்.