சிந்திய துளிகளின் சரித்திரம்

எஸ்பிரஸ்ஸோ என்ற சொல் நம்மில் பலருக்குக் கல்யாண வரவேற்பில்தான் அறிமுகமாயிற்று. மண்டபத்து மூலையில் பளபளக்கும் ஒரு யந்திரம், ஸ்ஸ் என்று நீராவி, கப் நிறையப் பால்நுரை, மேலே ஒரு சிட்டிகை சாக்லேட் தூள். மிலான் நகரத்துக்காரன் இதை எஸ்பிரஸ்ஸோ என்று ஒப்புக்கொள்ள மாட்டான். அவனுக்கு நுரை பாலுடையதல்ல, காப்பியுடையது. அதுவும் ஆதியிலிருந்தே இருந்ததல்ல. லூயிஜி பெஸ்ஸேரா 1901-இல் பேட்டன்ட் வாங்கிய யந்திரத்தில் நீராவியின் அழுத்தம் மட்டுமே. அதற்கு நுரை எழுப்பும் வலு இல்லை. அக்கீலே காஜ்ஜா 1948-இல் ஸ்பிரிங்கும் நெம்புகோலும் வைத்த யந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் வெந்நீர் காற்றழுத்தத்தைப்போல் எட்டொன்பது மடங்கு அழுத்தத்தோடு தூளின் ஊடே பாய்ந்தது. வறுத்த கொட்டைக்குள் அடைபட்டிருந்த கரியமிலவாயு, எண்ணெயோடு சேர்ந்து பொன்னிற நுரையாக வெளிவந்தது. அதற்கு ஆயுள் இரண்டொரு நிமிஷம்.

அந்த நிமிஷங்களைப் படம்பிடிக்கிற பழக்கம் எனக்கு வந்திருக்கிறது. ஹோசூரில், சிப்காட் ஷிப்ட் பஸ்கள் போகிற தெருவில், கிழக்கு ஜன்னலோரம், வங்கிக்குக் கிளம்புமுன். கொட்டை அத்திப்பள்ளி எல்லை தாண்டி பெங்களூரில் வாங்கிவருவது. அடிப்பாகம் இல்லாத வடிகட்டியின் கீழே பழுப்பும் பொன்னுமாகக் கோடுகள் சேர்ந்து ஒற்றைக் கயிறாகத் திரிந்து இறங்கும். தூளைச் சமமாக அமுக்காவிட்டால் தண்ணீர் பலவீனமான இடத்தைக் கண்டுபிடித்துப் பீச்சியடிக்கும். சட்டையிலும் லென்ஸிலும் காப்பி. அந்தப் படங்களை உடனே அழித்துவிடுவேன்.

இந்த இடத்தில் ஆர்தர் மேசன் வொர்திங்டன் என்ற ஆங்கிலப் பௌதிகக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1870களிலிருந்து அவர் பால்துளிகளையும் பாதரசத் துளிகளையும் விழவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டறை, ஒரு மின்பொறியின் வெளிச்சம், கண்ணில் தங்கிய பிம்பம், அதைக் காகிதத்தில் வரைவது. அவர் வெளியிட்ட சித்திரங்களில் தெறிப்புகள் கோலம் போட்டதுபோல் சீராக இருந்தன. 1894-இல் அதே தெறிப்பைப் புகைப்படத்தில் பிடிக்க முடிந்தபோது சீர்மை குலைந்தது. கோணல், உடைசல், ஒரு பக்கம் நீண்ட விரல். பழைய சித்திரங்களைப் புரட்டிப் பார்த்தார். கோணலானவற்றையும் அவர் கை வரைந்திருந்தது. மனம்தான் அவற்றை விபத்து என்று ஒதுக்கியிருந்தது. தெறிப்புகள் பற்றி 1908-இல் வெளியிட்ட நூலில் இதை ஒளிக்காமல் எழுதினார். தன் கண்ணுக்கு எதிராகத் தானே சாட்சி சொன்ன விஞ்ஞானிகள் அதிகம் பேர் இல்லை.

உலகம் ஞாபகம் வைத்திருப்பது அவரையல்ல. அமெரிக்காவில் ஹெரால்ட் எட்ஜர்டன் 1936-இல் கறுப்பு வெள்ளையிலும், 1957-இல் வண்ணத்திலும் எடுத்த பால்துளிக் கிரீடத்தைத்தான். கிரீடம் யாருக்கும் பிடிக்கும்.

வொர்திங்டனுக்குக் காமிரா செய்த வேலைக்கு நேர் எதிரான வேலையை நான் காமிராவைச் செய்யவைக்கிறேன். கண் விரும்புகிற ஒழுங்குக்கு அது சாட்சிக் கையெழுத்துப் போடுகிறது. காஜ்ஜாவின் அழுத்தம் உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பீச்சியடித்த காப்பிதான் காட்டுகிறது. நான் சேர்த்துவைத்திருப்பதில் அது ஒன்றுகூட இல்லை. (நம் கவிதைத் தொகுப்புகளையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம். இப்போது வேண்டாம்.)

இதில் எனக்கு வெட்கம் அதிகம், ஏனென்றால் என் உத்தியோகம் வேறு மாதிரி சொல்லித்தந்திருக்கிறது. எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போன பிறகும் கையால் எழுதுகிற பதிவேடுகள் சில வங்கியில் மிச்சமிருக்கின்றன. தவறான தொகையைச் சுரண்டக் கூடாது, அதன்மேல் எழுதக் கூடாது. ஒரே கோடு, பக்கத்தில் சரியான தொகை, இனிஷியல். அடிபட்ட எண்ணை ஆடிட்டர் படிக்க முடிய வேண்டும்.

போன வாரம் பீச்சியடித்த ஒரு படத்தை அழிக்காமல் விட்டேன். 18 கிராம் தூள், ஜன்னலில் மழை மூட்டம், நுரை இடதுபுறம் வெளுத்துக் கிழிந்திருக்கிறது. தேதி போட்டு வைத்திருக்கிறேன். மறுநாள் அரைவையை ஒரு படி மாற்றினேன். மறுபடியும் பீச்சியது.