பல்லிடை வெளியும் வர்க்க இடைவெளியும்: கந்தப்பளையிலிருந்து ஒரு நோக்கு

பல்லின் வரலாறு உடற்கூற்றியலுக்கு மட்டும் உரியதன்று. உணவின் வரலாறும் உழைப்பின் வரலாறும் அதனுள் அடங்கும். நெருங்கிக் கோணிய பற்களைச் சீராக்கும்பொருட்டு, அவை ஒன்றையொன்று தொடும் பக்கங்களில் எனாமலைச் சிறிதே தேய்த்து இடமுண்டாக்கும் மருத்துவ முறையை இந்நோக்கில் நாம் அணுகலாம்.

தேய்ந்த எனாமல் மீள வளர்வதில்லை. அதனை ஆக்கும் உயிரணுக்கள் பல் முளைத்ததும் அழிந்துவிடுகின்றன. ஆதலால் வைரத்துகள் பதித்த பட்டியால் மில்லிமீற்றரின் சிறு பின்னமே அகற்றப்படுகின்றது. 1944இல் பல்லார்ட் முன்பற்களுக்கு இதனை எடுத்துரைத்தார். 1985இல் ஷெரிடன் கடைவாய்ப் பற்களுக்கும் விரித்தார்.

இவ்விருவருக்கும் இடைப்பட்ட 1954இல், அவுஸ்திரேலியப் பற்சீரமைப்பு மருத்துவர் பெக் ஒரு கருத்தை வெளியிட்டார். அந்நாட்டுப் பழங்குடியினரின் பற்கள் முரட்டுணவால் பக்கங்களிலும் தேய்ந்து, தாமே இடம் தேடிக்கொண்டன. மென்னுணவு உண்போர்க்கு அத்தேய்வு இல்லாமையாலேயே நெருக்கம் மிகுந்தது என்பது அவர் வாதம். பரம்பரைக் காரணிகளைக் கருதும் பிற்கால ஆய்வாளர் இதனை முழுமையாக ஏற்கவில்லை. எனினும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது: நிலம் பறிக்கப்பட்ட மக்களின் பற்களே இவ்வறிவுக்குச் சான்றாயின, சிகிச்சையோ வசதிபடைத்தோரின் வாய்க்குச் சென்றது.

இவ்வுறவு மலையகத்துக்கும் புதிதன்று. நுவரெலியா மாவட்டத்தின் டன்சினன், ஹரோ தோட்டங்களில் 1970இல் ஹரால்ட் லோ குழுவினர் 480 ஆண் தொழிலாளரின் வாய்களைப் பரிசோதித்து, 1985 வரை தொடர்ந்தனர். அவ்வாய்வு ஈறுநோய் பற்றியது, எனாமல் பற்றியதன்று. ஆயினும் அம்மக்கள் தெரிந்தெடுக்கப்பட்ட காரணம் நோக்கத்தக்கது. பற்சிகிச்சையே எட்டாதவர்களாதலின், நோயின் இயல்பான போக்கை அவர்களிடம் காணலாம் என்பதே அது. ஒஸ்லோவின் கல்விகற்ற நோர்வேஜியர் ஒப்பீட்டுக்கு நின்றனர். தொழிலாளருள் 8 வீதத்தினரிடம் நோய் விரைந்தும், 81 வீதத்தினரிடம் மிதமாகவும் வளர்ந்தது. 11 வீதத்தினரிடம் அது முன்னேறவில்லை. உலகப் பல்மருத்துவ நூல்கள் இவ்வெண்களை இன்றும் எடுத்தாள்கின்றன. இல்லாமையே இங்கு ஆய்வுப்பொருளாயிற்று.

அதே மாவட்டத்துத் தேயிலை ஊரான கந்தப்பளையில் நின்று இவ்வரலாற்றை நோக்குவோமாயின், வினா தெளிவுறும். எனாமல் தேய்த்தல் சில நிமிட வேலை. ஆனால் அதனைத் தொடரும் பற்சீரமைப்போ பல மாதங்கள் மருத்துவரிடம் சென்றுவரக் கோருவது. கொழுந்து நிறுத்துப் பெயர் போடும் வாழ்வில், பிள்ளையை அழைத்துச் செல்லும் ஒவ்வொரு நாளும் தாய்க்கு ஒரு பெயர் இழப்பாகும். மருந்துக்கட்டணம் இல்லாவிடினும் அந்நாட்கூலி கட்டணமாகவே அமைகின்றது.

எனவே பற்களிடையே இடமுண்டாக்கும் நுட்பம் மட்டும் போதாது. உழைப்பவரின் நாளில் அதற்கு இடமுண்டாக்குவதே முதன்மையானது. சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பும், தோட்டத்துக்கே வரும் பற்சிகிச்சையும் சலுகைகளல்ல. மலையகத் தொழிலாளர் அறிவியலுக்கு ஏலவே அளித்துவிட்டதன் ஈடு எனலாம்.