ஓர் உயிருக்கு 75 டொலர்



நம்மூரில் பாஸ் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டால் கொந்தராத்துக்காரர் கையில் ஏதோ கொடுப்பார். வீட்டாரும் "அல்லாஹ்வின் நாட்டம்" என்று வாங்கிக்கொள்வார்கள். விஷயம் அதோடு முடிந்துவிடும். அந்தப் பணம் ஸதகாவா, ஹக்கா? இதே கேள்வியில் அமெரிக்கா பல வருடங்கள் தடுமாறியது. அந்தக் கதையை இன்று பார்ப்போம்.

1911க்கு முன்பு அங்கே வேலையில் காயப்பட்டவர் முதலாளி மேல் வழக்குப் போடலாம்தான். ஆனால் முதலாளியின் சட்டத்தரணி கையில் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். "கூட வேலை செய்தவன் விட்ட பிழை, அவனைக் கேள்." "உன் கவனக்குறைவும் இதில் இருக்கிறது." "ஆபத்தான வேலை என்று தெரிந்துதானே வந்தாய்?" இதில் ஒன்றை நீதிமன்றம் ஏற்றாலும் ஒரு சதமும் கிடைக்காது. முதலாவது பதிலை 1842இல் மசாசூசெட்ஸ் நீதிமன்றமே ஒரு ரயில் தொழிலாளியின் வழக்கில் உறுதிப்படுத்தியது. வேறொரு ஊழியரின் தவறால் அவர் கையை இழந்திருந்தார்.

நியூயோர்க் மாநிலம் 1910இல் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தது. ஆபத்தான தொழில்களில் யார் பிழை என்று பார்க்காமல் முதலாளி நட்டஈடு கொடுக்கவேண்டும் என்றது அது. ஐவ்ஸ் என்ற ரயில் தொழிலாளியின் வழக்கில், 1911 மார்ச் 24ஆம் திகதி, மாநிலத்தின் மேல் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளிவிட்டது. பிழை செய்யாத முதலாளியிடம் பணம் எடுப்பது அவரது சொத்தைப் பறிப்பதாகும் என்பது நீதிபதிகளின் நியாயம்.

அடுத்த நாள், மார்ச் 25, சனிக்கிழமை. நியூயோர்க் நகரில் பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் மூன்று மாடிகளில் இயங்கிய ட்ரையாங்கிள் தையல் தொழிற்சாலையில் வேலை முடியும் நேரம் தீ பிடித்தது. 9ஆம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. பிள்ளைகள் துணி திருடிக்கொண்டு போகாமல் ஒரே வாசலில் பையைச் சோதிக்க வேண்டுமாம். (கார்மெண்டில் வேலை செய்யும் நம் சகோதரிகளுக்கு அந்தப் பைச் சோதனையை விளக்கத் தேவையில்லை.) தீயணைப்புப் படையின் ஏணி 6ஆம் மாடிவரைதான் எட்டியது. வெளிப்புற இரும்புப் படிகள் பாரம் தாங்காமல் உடைந்து விழுந்தன. 146 பேர் மௌத்தானார்கள். அவர்களில் 123 பேர் பெண்கள், பெரும்பாலும் யூத, இத்தாலிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். 14 வயதுச் சிறுமியும் இருந்தாள்.

முதலாளிமார் இருவரும் அந்த டிசம்பரிலேயே விடுதலையானார்கள். கதவு பூட்டியிருந்தது அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரியும் என்பதை நிரூபிக்க முடியவில்லை. குடும்பங்கள் போட்ட சிவில் வழக்குகள் 1914இல் சமரசமாகின. ஓர் உயிருக்கு 75 டொலர். ஆனால் காப்புறுதிக் கம்பனியோ முதலாளிகளுக்கு அவர்கள் காட்டிய நட்டத்தைவிட ஏறக்குறைய 60,000 டொலர் அதிகமாகக் கொடுத்திருந்தது. கணக்குப் பார்த்தால் இறந்த ஒவ்வொருவர் பேரிலும் சுமார் 400 டொலர் அவர்களுக்கு மிச்சம்! அதில் ஒருவர் 1913இல் மறுபடியும் கதவைப் பூட்டிப் பிடிபட்டார். அபராதம் 20 டொலர்.

மக்கள் கொதித்துப் போனார்கள். 1913இல் மாநில அரசியலமைப்பையே திருத்தி, 1914இல் நட்டஈட்டுச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 1917இல் நாட்டின் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. விஸ்கொன்சின் மாநிலம் 1911இலேயே இதைச் செய்திருந்தது. கடைசியாக வந்த மிசிசிப்பிக்கு 1948வரை எடுத்தது. இதில் ஒரு கொடுக்கல் வாங்கலும் உண்டு. பிழையை நிரூபிக்கத் தேவையில்லை, தொகையும் நிச்சயம். பதிலுக்கு, முதலாளி மேல் பெரிய தொகைக்கு வழக்காடும் உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுத்தார். அது முழு நீதி என்று நாம் சொல்லமாட்டோம். 75 டொலரைவிட மேல்.

வீதி விபத்துகளுக்கு அங்கே இன்றும் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. வழக்குப் போட நியூயோர்க்கில் 3 வருடம், டென்னஸியில் ஒரே வருடம். வேர்ஜீனியாவில் காயப்பட்டவரின் சிறு கவனக்குறைவும் வழக்கைக் கெடுத்துவிடும். ஆகவே அங்குள்ள உறவினர் யாருக்கும் விபத்து நடந்தால், அது நடந்த மாநிலத்தில் பதிவுபெற்ற சட்டத்தரணியைத்தான் முதலில் தேடவேண்டும். பெரும்பாலானோர் முற்பணம் கேட்பதில்லை. வென்றால் மூன்றில் ஒரு பங்கு அளவில் எடுப்பார்கள். வீதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

நமக்கும் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. வேலையின்போது, வேலையின் காரணமாக நடந்த விபத்துக்கு முதலாளியின் பிழையை நிரூபிக்காமலே கோரலாம். கதறை நம்புவதற்கும் கோருவதற்கும் முரண்பாடு எங்கே? தவறுதலாக உயிர் போனாலும் தியத் 100 ஒட்டகம் என்று வகுத்த மார்க்கம் நம்முடையது.

வீதி விபத்துக்கு நட்டஈட்டு வழக்கு என்றால் நம் நாட்டில் 2 வருடத்துக்குள் போடவேண்டும். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்கலாம். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய கடதாசியை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு யாராவது கொண்டுவந்தால், ஒரு சட்டத்தரணியிடம் காட்டும்வரை கையெழுத்து வைக்கவேண்டாம்.