சேமநிதியும் கூரையும்: கிளமெண்டியை முன்வைத்து ஒரு வரலாற்றுப் பார்வை

'சேமம்' என்னும் சொல்லுக்கு நலம் என்பது பொருள். 1955ஆம் ஆண்டு ஜூலையில், ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ்த் தொடங்கப்பெற்ற சிங்கப்பூர் மத்திய சேமநிதிக்குத் தமிழில் அப்பெயர் வாய்த்தது பொருத்தமே. தொழிலாளி ஊதியத்தில் 5 விழுக்காடு செலுத்துவார். முதலாளி 5 விழுக்காடு செலுத்துவார். திரண்ட தொகை முதுமைக்கு உதவும். முதுமைக்கென ஏற்பட்ட இந்நிதி எளிய குடும்பங்களின் கூரையோடு எவ்வாறு பிணைந்தது, அப்பிணைப்பு தளர்ந்தபோது என்ன நேர்ந்தது என்பதைக் கிளமெண்டியை முன்வைத்துக் காண முற்படுகிறோம்.

அதற்குமுன் நம்மவர் குடியிருந்த நிலையைச் சற்று நினைவுகூர வேண்டும். செம்பவாங் கடற்படைத் தளத்திலும், இரயில்வேயிலும், நகராண்மைப் பணிகளிலும் உழைத்த தமிழருள் பலர் வேலை தந்தவர் கொடுத்த குடியிருப்புகளிலேயே வாழ்ந்தனர். வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் இரண்டும் இல்லை. 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்தபோது, தளத்தை நம்பியிருந்த குடும்பங்கள் ஊதியத்துக்கு மட்டுமன்றி உறைவிடத்துக்கும் அஞ்சின.

அதே ஆண்டில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1960இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், 1964 முதல் வீடுகளை விற்பனைக்கும் அளித்து வந்தது. ஆயினும் முன்பணத்துக்கு வழியின்றிப் பலர் வாடகை வீட்டிலேயே தங்கினர். 1968இல் சேமநிதியைக் கொண்டே முன்பணமும் மாதத் தவணையும் செலுத்தலாம் என்று விதி திருத்தப்பட்டது. கைக்காசில் கைவைக்காமலே வீடு சொந்தமாகும் என்பது கூலித் தொழிலாளிக்கு எத்தகைய செய்தியாக இருந்திருக்கும்! கம்பத்து வீட்டில் பெரிதாக இல்லாத தண்ணீர், மின்சாரக் கட்டணங்கள் அடுக்குமாடியில் மாதந்தோறும் ரொக்கமாகக் கேட்கப்பட்ட காலத்தில், தவணையேனும் கைக்காசைத் தொடாதது பேருதவியே.

1970களின் பிற்பகுதியில் கிளமெண்டி எழுந்தது இந்த ஏற்பாட்டின் மேல்தான். சேமநிதிச் சந்தாவும் படிப்படியாக உயர்ந்து, 1984இல் இருதரப்பும் ஆளுக்கு 25 விழுக்காடு என்னும் உச்சத்தை எட்டியது.

மறு ஆண்டே பொருளியல் சரிந்தது. சுதந்திரச் சிங்கப்பூர் கண்ட முதல் பின்னடைவு அது. நிறுவனங்களின் செலவைக் குறைத்து வேலைகளைக் காக்கும் பொருட்டு, 1986 ஏப்ரலில் முதலாளிகளின் சந்தா 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கணக்கிட்டுப் பார்ப்போம். மாதம் 600 வெள்ளி ஈட்டுபவரின் சேமநிதியில் அதுவரை 300 வெள்ளி சேர்ந்தது. இனி 210 வெள்ளிதான். கையில் வாங்கும் சம்பளமோ மாறவில்லை. ஆதலால் குறைவு உடனே கண்ணுக்குத் தெரியவில்லை; தவணைக்குச் சேமநிதி போதாத மாதத்தில்தான் தெரிந்தது. துண்டு விழுந்த தொகையை ரொக்கமாகக் கட்ட வேண்டியிருந்தது. அந்த ரொக்கம் மளிகைக் கடைக்கும் பள்ளிச் செலவுக்கும் ஒதுக்கியது.

இம்முடிவு தவறென்று நாம் கூறவில்லை. வேலையே போயிருந்தால் இழப்பு இன்னும் பெரிது. எனினும் விகிதம் எல்லார்க்கும் ஒன்றாக இருந்ததால் சுமையும் ஒன்றாக இருந்தது என எண்ணுதல் பிழை. பல்லாண்டுச் சேமிப்பு உடையவர் அதிலிருந்து ஈடுகட்டினர். புதுநகரில் அண்மையில் வீடு வாங்கி, முன்பணத்துக்கே கணக்கைத் துடைத்திருந்தவர்க்கு அந்த வழி இல்லை. பழைய குடியிருப்பு ஒரு முதலாளியின் கையில் இருந்தது. சொந்த வீடோ நாட்டின் ஊதியக் கொள்கையோடு கட்டுண்டிருந்தது. முதலாளிகளின் சந்தா 20 விழுக்காட்டைத் தொட 1994ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தவணை தாளாதவர்க்கு எஞ்சிய வழி, வீட்டை விற்றுச் சிறியதற்கு மாறுவது. அவ்வழியிலும் ஒரு மாற்றம் குறுக்கிட்டது. எஸ். தனபாலன் தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தபோது, 1989 மார்ச் 1 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்புக்கு வந்தது. இந்தியர், பிற இனத்தவர்க்கான வரம்பு ஒரு வட்டாரத்தில் 10 விழுக்காடு, ஒரு புளோக்கில் 13 விழுக்காடு. இனங்கள் தனித்தனிப் பேட்டைகளாக ஒதுங்காமல் அண்டை வீட்டாராக வாழ வேண்டும் என்னும் நோக்கம் உயரியது. அதன் பயனை நாம் அனைவரும் துய்க்கிறோம். ஆனால் புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டால், அங்குள்ள இந்தியக் குடும்பம் சீனருக்கு விற்க இயலாது. வாங்குவோர் சுருங்குவர்; விலையும் சுருங்கக்கூடும். வசதியுள்ளவர் நல்ல விலைக்குக் காத்திருப்பார். பணமுடையால் விற்பவரால் காத்திருக்க இயலுமா?

2010இல் இந்தியர், பிற இனத்தவர்க்கான வரம்பு 12, 15 விழுக்காடுகளாக உயர்த்தப்பட்டது. இவ்வரம்பினால் விற்க இயலாது உண்மையாகவே இடர்ப்படுவோரின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் அறிவிக்கப்பட்டது. 1989இல் தொடக்கப்பள்ளிக்குச் சென்ற பிள்ளை, அதற்குள் நாற்பதை எட்டியிருக்கும்.