தூண்டல் மோட்டாரின் திசையன் கட்டுப்பாடு

மாறுதிசை மின்சாரத்தில் ஓடும் தூண்டல் மோட்டாரின் காந்தப்புலத்தையும் முறுக்குவிசையையும் தனித்தனியாக, ஒன்று மற்றதைக் கலைக்காமல் ஆளும் முறை திசையன் கட்டுப்பாடு. புலத்திசைக் கட்டுப்பாடு என்றும் சொல்வர். மின்ரயில் எஞ்சின், லிஃப்ட், துறைமுகக் கிரேன், காகித ஆலை, மின்கார் என்று வேகமும் இழுவையும் நொடிக்கு நொடி மாறவேண்டிய இடங்களில் இதுவே வேலை செய்கிறது. 1969க்கும் 1972க்கும் இடையில் ஜெர்மனியில் இது உருவெடுத்தது. இதன் கணிதம் அதற்கு 40 ஆண்டு மூத்தது. அதை மலிவாகச் செய்துகாட்டும் சிலிக்கன் சில்லு பத்து ஆண்டுக்கு மேல் இளையது. மோட்டார், மின்சாரத்தை உருமாற்றும் இன்வெர்ட்டர், கட்டுப்பாட்டு நிரல் ஆகியவற்றைக் கல்லூரிகளில் மூன்று பாடமாக நடத்துகிறார்கள். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் அசைவதை அந்தப் பாடங்கள் பெரும்பாலும் காட்டுவதில்லை.

மோட்டாரின் இயல்பு

தூண்டல் மோட்டாரைப்போல எளிய இயந்திரம் குறைவு. வெளியே நிலையாக நிற்கும் இரும்புக் கூட்டில் மும்முனைக் கம்பிச்சுற்று. உள்ளே அலுமினியக் கம்பிகளை இரு முனையிலும் வளையத்தால் இணைத்த அணில்கூண்டுச் சுழலி. சுழலிக்கு வெளியிலிருந்து ஒரு கம்பிகூடப் போவதில்லை. சுழலும் காந்தப்புலத்தை இத்தாலியின் கலிலியோ ஃபெராரிசும் நிக்கோலா டெஸ்லாவும் தனித்தனியே கண்டறிந்து 1888ல் வெளியிட்டார்கள். அதை இன்று நாம் காணும் மும்முனை அணில்கூண்டு வடிவுக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனத்தில் பணியாற்றிய மிகயீல் தொலிவோ-தொப்ரோவோல்ஸ்கி.

நான்கு துருவ மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கொடுத்தால் அதன் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றும். சுழலி அந்த வேகத்தை எட்டுவதில்லை. எட்டிவிட்டால் புலம் சுழலியின் கம்பிகளை வெட்டாது, அவற்றில் மின்னோட்டம் தூண்டப்படாது, முறுக்குவிசையும் இருக்காது. ஆகவே முழுச் சுமையில் சுமார் 1,440 சுற்றில் ஓடும். குறையும் 60 சுற்றுக்கு நழுவல் என்று பெயர். அது 4 சதவீதம். சுழலிக்குள் ஓடும் மின்னோட்டத்தின் அதிர்வெண் வெறும் 2 ஹெர்ட்ஸ்.

இந்த எளிமைதான் கட்டுப்படுத்தும்போது தொல்லையாகிறது. நேர்மின் மோட்டாரில் புலச்சுற்றுக்கு ஒரு மின்னோட்டம், சுழலும் சுற்றான ஆர்மேச்சருக்கு இன்னொரு மின்னோட்டம். இரண்டின் புலமும் எப்போதும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும்படி கம்யூட்டேட்டரும் கார்பன் பிரஷும் பார்த்துக்கொள்ளும். புலத்தை அப்படியே வைத்து ஆர்மேச்சர் மின்னோட்டத்தைக் கூட்டினால் முறுக்குவிசை அதே அளவில் கூடும். தூண்டல் மோட்டாரில் புலத்தை உண்டாக்குவதும் விசையை உண்டாக்குவதும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. இழுவையைக் கூட்ட நினைத்து மின்னோட்டத்தை ஏற்றினால் புலமும் சேர்ந்து ஆடும். புலம் ஆடினால் வேகம் தடுமாறும். பிரஷ் தேய்வதும் கம்யூட்டேட்டரில் தீப்பொறி பறப்பதும் தெரிந்தே 1980கள் வரை உருட்டாலைகளும் ரயில்களும் நேர்மின் மோட்டாரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு இதுவே காரணம்.

வோல்ட்டும் ஹெர்ட்ஸும்

எளிய வழி ஒன்று உண்டு. அதிர்வெண்ணைக் குறைக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால் புலத்தின் வலு ஏறத்தாழ மாறாது. 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு ஒரு ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட் கணக்கு. 25 ஹெர்ட்ஸில் 207 வோல்ட் போதும். ஆலைகளில் வி.எஃப்.டி. அல்லது வெறுமனே டிரைவ் என்று அழைக்கப்படும் பெட்டிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் ஓடுகின்றன. மிகத் தாழ்ந்த வேகத்தில், கம்பிச்சுற்றின் மின்தடையே கொடுத்த வோல்ட்டைத் தின்றுவிடுவதால் புலம் மெலியும். கொஞ்சம் கூடுதல் வோல்ட் சேர்த்துச் சமாளிப்பார்கள்.

பம்புக்கும் காற்றாடிக்கும் இது தாராளம். அவற்றுக்குத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், உராய்வுத் தடையை மட்டும் எதிர்த்து ஓடும் பம்பை 80 சதவீத வேகத்தில் ஓட்டினால் பாதித் திறனே செலவாகும். வயல்களில் இப்போது நிற்கும் சூரிய மின் பம்புசெட்டுகளிலும் இதே தத்துவம்: மேகம் மறைத்துப் பலகையின் மின்சாரம் குறைந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்டாரை நிறுத்தாமல் அதிர்வெண்ணை இறக்குகிறது. ஆனால் பம்பு உந்தும் உயரம் வேகத்தின் இருமடிப்படி குறைவதால், 70 சதவீத வேகத்தில் அது பாதி உயரத்துக்கே தண்ணீரைத் தள்ளும். ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்க, குழாயில் தண்ணீர் வராத நேரம் உண்டு. இத்தகைய வேலைக்குத் திசையன் கட்டுப்பாட்டை விற்பது வாங்குபவரின் பணத்தை வீணாக்குவதே.

பார்வையை மாற்றிய கணிதம்

சுற்றும் ராட்டினத்தில் இருக்கும் குதிரையைத் தரையில் நின்று பார்த்தால் அது வந்துவந்து போகும். ராட்டினத்தில் ஏறி அமர்ந்து பார்த்தால் அசையாமல் நிற்கும். திசையன் கட்டுப்பாட்டின் மையக் கருத்து இவ்வளவுதான். மோட்டாரின் மூன்று முனைகளிலும் ஏறி இறங்கும் மின்னோட்டங்களை, காந்தப்புலத்தோடு சேர்ந்து சுற்றும் அச்சுகளில் நின்று அளந்தால் அவை ஏறி இறங்காத இரண்டு எண்களாகிவிடும்.

இது இரண்டு படியாக நடக்கிறது. 120 பாகை இடைவெளியில் அமைந்த மூன்று மின்னோட்டங்களை முதலில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டாகச் சுருக்குகிறார்கள். அமெரிக்கப் பொறியாளர் எடித் கிளார்க்கின் பெயரால் அழைக்கப்படும் மாற்றம் இது. மின்பொறியியலில் பெண்களுக்கு இடமே இல்லாத காலத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் மின்கம்பித் தடக் கணக்குகளை எளிதாக்கியவர் அவர். அடுத்து, அந்த இரண்டு அச்சுகளையும் சுழலவிடுவது ராபர்ட் பார்க் 1929ல் ஒத்தியங்கு மின்னாக்கிகளுக்காக வெளியிட்ட மாற்றம். இருவருமே மின்நிலையங்களையும் கம்பித்தடங்களையும் மனத்தில் வைத்து எழுதியவர்கள். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கருவியாக அவர்களுடைய கணக்கு பின்னாளில் பயன்பட்டது.

மாற்றம் முடிந்தபின் கையில் இருப்பவை டி-அச்சு மின்னோட்டம், க்யூ-அச்சு மின்னோட்டம். டி-அச்சை சுழலியின் காந்தப்புலத்தின் மேலேயே பொருத்திவிட்டால், டி மின்னோட்டம் புலத்தை மட்டும் ஆளும். க்யூ மின்னோட்டம் முறுக்குவிசையை மட்டும் ஆளும். நேர்மின் மோட்டாரில் பிரஷும் கம்யூட்டேட்டரும் செய்ததைக் கணக்கு செய்கிறது. பிழையின் அளவையும் அதன் திரட்டையும் பார்த்துத் திருத்தும் சாதாரண பி.ஐ. கட்டுப்படுத்தி இரண்டு போதும். அவை கேட்கும் மின்னழுத்தத்தைத் திரும்ப மூன்று முனைக்கு மாற்றி இன்வெர்ட்டருக்குச் சொல்லிவிடலாம். மின்னோட்ட வளையம் உள்ளே வேகமாக ஓடும். அதைச் சுற்றி வேக வளையம் நிதானமாக ஓடும். இன்றைய டிரைவ் ஒன்றில் அளத்தல், மாற்றல், கணக்கிடல், ஆணையிடல் அத்தனையும் 100 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை முடிந்துவிடுகின்றன.

காந்தப்புலம் இந்தக் கணத்தில் எங்கே நிற்கிறது என்பதை எப்படி அறிவது? சீமென்ஸின் ஃபெலிக்ஸ் பிளாஷ்கே அதை நேரடியாக அளந்து அறியும் வழியைத் தேர்ந்தார். 1969ல் டார்ம்ஷ்டாட்டில் ஆய்வேடு அளித்த கார்ல் ஹாஸே மறைமுக வழியைக் காட்டினார்: சுழலியின் வேகத்தை அளந்து, அதோடு நழுவல் எவ்வளவு இருக்கவேண்டும் என்று கணக்கிட்டுச் சேர்த்தால் புலத்தின் இடம் தெரிந்துவிடும். மோட்டாருக்குள் உணரி எதையும் புதைக்கவேண்டாம் என்பதால் தொழிற்சாலைகளில் பரவியது ஹாஸேயின் வழியே.

அதற்கும் ஒரு விலை உண்டு. நழுவல் கணக்கில் சுழலியின் மின்தடை நேரடியாக வருகிறது. காலையில் குளிர்ந்து கிடந்த மோட்டார் மதியத்துக்குள் 80 பாகை செல்சியஸ் சூடேறினால் அலுமினியக் கூண்டின் மின்தடை சுமார் 30 சதவீதம் உயர்ந்திருக்கும். நிரல் பழைய எண்ணையே நம்பிக்கொண்டிருந்தால் டி-அச்சு புலத்தைவிட்டு விலகும். புலத்துக்கென்று கொடுத்தது விசையில் கலக்கும். லிஃப்டோ கிரேனோ காலையில் ஒருவிதமாகவும் மாலையில் வேறுவிதமாகவும் நடந்துகொண்டால் நிரலைக் குறைசொல்வதற்கு முன் இதைப் பார்க்கவேண்டும். ஓடும்போதே சுழலி மின்தடையை மதிப்பிட்டுத் திருத்திக்கொள்ளும் முறைகளுக்காக எழுதப்பட்ட ஆய்வுக்கட்டுரைகள் ஒரு நூலகத்தை நிரப்பும்.

இன்வெர்ட்டர்

மும்முனை மின்சாரம் ஆறு டையோடுகள் வழியே நேர்மின்சாரமாகி ஒரு பெரிய மின்தேக்கியில் தங்குகிறது. 415 வோல்ட் இணைப்பில் அங்கே சராசரி 560 வோல்ட் இருக்கும். ஆறு மின்னணு விசைகள், அதாவது சுவிட்சுகள், அதை நொடிக்குச் சில ஆயிரம் முறை துண்டாக்கி, அந்தத் துண்டுகளின் (துடிப்புகளின்) அகலத்தை மாற்றி, மோட்டாருக்கு சைன் அலைபோலக் காட்டுகின்றன. இந்தத் துண்டுகளை எளிய சைன் முறையில் அமைத்தால் 560 வோல்ட்டிலிருந்து 343 வோல்ட்தான் மோட்டாருக்குக் கிடைக்கும். மூன்று முனைகளின் மின்னழுத்தத்தையும் ஒரே திசையனாகக் கொண்டு கணக்கிடும் வெளித் திசையன் துடிப்பு முறையில் அமைத்தால் 396 வோல்ட் வரை கிடைக்கும். இரும்போ செம்போ கூடுதலாகச் சேர்க்காமல், விசைகளைத் திறந்து மூடும் வரிசையை மாற்றியே கிடைத்த 15 சதவீதம்.

இந்த விசைகள் முதலில் தைரிஸ்டராக இருந்தன. தைரிஸ்டருக்கு மூடத் தெரியும், திறக்கத் தெரியாது. திறப்பதற்கு என்று தனி மின்சுற்று வேண்டும். நிலைமையை மாற்றியது ஐ.ஜி.பி.டி. என்னும் டிரான்சிஸ்டர். அதன் உருவாக்கத்தில் பலருக்குப் பங்குண்டு. முன்னணியில் வைத்துப் பேசப்படுபவர், 1948ல் சென்னையில் பிறந்து ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்து ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பணியாற்றிய பி. ஜெயந்த் பாலிகா. 2024ல் ஃபின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

விசையின் குறை கணக்குக்குள்ளும் நுழைகிறது. ஒரே முனைக்கு உரிய மேல்விசையும் கீழ்விசையும் ஒருசேர மூடிவிட்டால் மின்தேக்கி குறுக்குச்சுற்றாகி வெடிக்கும். ஆகவே ஒன்று திறந்தபின் இரண்டு மைக்ரோவிநாடி பொறுத்தே அடுத்ததை மூடவேண்டும். நொடிக்கு 5,000 முறை இயங்கும் இன்வெர்ட்டரில் இந்த இடைவெளி ஒவ்வொரு முனையிலும் 5.6 வோல்ட் பிழையை உண்டாக்கும். 50 ஹெர்ட்ஸில் அது பொருட்டே இல்லை. 1 ஹெர்ட்ஸில் மோட்டாருக்குத் தரவேண்டியதே 8 வோல்ட் அளவுதான். கிரேன் சுமையைத் தொங்கவிட்டபடி நிற்கும் கணத்தில் பிழை இவ்வளவு பெரிது. அதை நிரலில் ஈடுகட்டாமல் எந்தக் கட்டுப்பாட்டு வாய்பாடும் பயன்தராது.

மோட்டார் படும் பாடு

நேரே மின்கம்பத்திலிருந்து ஓடுவதற்கென்று செய்த பழைய மோட்டாரை டிரைவில் மாட்டினால் புதுவகைப் பழுதுகள் தோன்றும். ஐ.ஜி.பி.டி. 0.1 மைக்ரோவிநாடியில் 560 வோல்ட் தாவுகிறது. கேபிள் பத்து மீட்டரைத் தாண்டினாலே அந்த அலை மோட்டார் முனையில் எதிரொலித்து ஏறத்தாழ இருமடங்காக, 1,100 வோல்ட்டாக எழும். அதைத் தாங்குவது கம்பிச்சுற்றின் முதல் சில சுற்றுகளே. காயில் கட்டும் கடையில் பிரித்துப் பார்த்தால் சுற்று முழுவதும் புத்தம்புதிதாக இருக்கும். முனையையொட்டிய இடத்தில் மட்டும் எனாமல் துளைபட்டுக் கருகியிருக்கும்.

பேரிங் கதை இன்னும் விசித்திரம். சைன் அலை மும்முனையில் மூன்று மின்னழுத்தங்களையும் கூட்டினால் எப்போதும் சுழி. இன்வெர்ட்டர் தரும் துண்டுகளைக் கூட்டினால் சுழி வராது. கூட்டின் சராசரி ஒவ்வொரு விசை மாற்றத்துக்கும் 187 வோல்ட் தாவும். அதில் ஒரு சிறு பங்கு காற்றிடைவெளி வழியாகச் சுழலித்தண்டில் ஏறுகிறது. பேரிங் குண்டுகளைச் சூழ்ந்த கிரீஸ் படலம் அதைக் கொஞ்சநேரம் தடுத்துவைத்து, பிறகு உடைந்துபோகும். ஒவ்வொரு உடைப்பும் எஃகில் நுண்ணிய பள்ளம் ஒன்றைப் பொறிக்கும். சில மாதத்தில் பேரிங் வளையத்தின் உட்புறத்தில் சீரான இடைவெளியில் குறுக்குக் கோடுகள் விழுந்திருக்கும், கிரீஸ் கறுத்திருக்கும், மோட்டார் உறுமும். பேரிங்கை மட்டும் மாற்றினால் அடுத்ததும் அதே வழியில் போகும். மின்காப்பிட்ட பேரிங், தண்டை நிலத்தோடு இணைக்கும் பிரஷ், கவசமிட்ட கேபிள் ஆகியவை மருந்து. பிரஷே இல்லாத மோட்டார் வேண்டுமென்று நூறாண்டு உழைத்துவிட்டு, கடைசியில் பேரிங்கைக் காக்க ஒரு பிரஷை மாட்டுகிறோம்.

ரயிலில்

இந்திய ரயில்வேயின் டபிள்யூ.ஏ.பி.-4 எஞ்சின் நேர்மின் மோட்டாரில் ஓடியது. மின்மாற்றியின் 32 படிகளில் ஒவ்வொன்றாக ஏற்றி வேகம் கூட்டவேண்டும். 1990களின் நடுவில் ஏ.பி.பி. நிறுவனத்திலிருந்து வந்த டபிள்யூ.ஏ.பி.-5, டபிள்யூ.ஏ.ஜி.-9 எஞ்சின்களோடு மும்முனைத் தூண்டல் மோட்டார் நுழைந்தது. 2000ல் சித்தரஞ்சன் ஆலையில் பிறந்த 6,350 குதிரைத்திறன் டபிள்யூ.ஏ.பி.-7 இந்த வகையே. மேல்கம்பியின் 25,000 வோல்ட் ஒருமுனை மின்சாரம் மின்மாற்றியில் இறங்கி, நேர்மின்சாரமாகி, மீண்டும் மும்முனையாகி மோட்டாரை அடைகிறது. பிரேக் பிடிக்கும்போது இதே பாதை திரும்புகிறது: மோட்டார் மின்னாக்கியாகி, மின்சாரத்தை மேல்கம்பிக்கே தள்ளுகிறது. க்யூ மின்னோட்டத்தின் குறியை நேரிலிருந்து எதிராக மாற்றுவதைத் தவிர இதற்குக் கட்டுப்பாட்டில் வேறு வேலை இல்லை.

ஆரம்பகால எஞ்சின்களில் இருந்த, ஆணையிட்டால் திறக்கவும் கூடிய தைரிஸ்டர் வகையான ஜி.டி.ஓ. விசைகள் நொடிக்குச் சில நூறு முறைக்கு மேல் இயங்கமாட்டா. ரயில் வேகம் பிடிக்கையில் துடிப்பு முறை படிப்படியாக மாறும். நடைமேடையில் நிற்பவருக்கு அது சுருதி மாறி மாறி ஏறும் பாட்டாகக் கேட்கும். ஐ.ஜி.பி.டி. வந்தபின் அந்தப் பாட்டு அடங்கிவிட்டது. 2019ல் ஓடத் தொடங்கிய, பெரம்பூர் ஐ.சி.எஃப். தயாரித்த வந்தே பாரத் ரயிலில் தனி எஞ்சினே இல்லை. மோட்டார்களும் இன்வெர்ட்டர்களும் பெட்டிகளுக்கு அடியில் பிரிந்து கிடக்கின்றன.

பிற முறைகள்

ஜப்பானில் இசாவோ தகாஹாஷியும் தோஷிஹிகோ நோகுச்சியும், ஜெர்மனியில் மன்ஃப்ரெட் டெப்பன்ப்ரோக்கும் 1980களில் நேரடி முறுக்குவிசைக் கட்டுப்பாட்டை வகுத்தனர். அதில் சுழலும் அச்சும் இல்லை, துடிப்பு அகலக் கணக்கும் இல்லை; முறுக்குவிசையும் புலமும் எல்லை தாண்டும்போதெல்லாம் இன்வெர்ட்டர் சுவிட்சுகளின் எட்டு நிலைகளில் பொருத்தமானதை அட்டவணையிலிருந்து எடுப்பார்கள். ஏ.பி.பி. 1995ல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வேகமானது, ஆனால் முறுக்குவிசையில் சலசலப்பு மிகும்.

வேக உணரி இல்லாமல் ஓட்டும் முறைகளும் உண்டு. சுழலும்போது மோட்டாரே உண்டாக்கும் எதிர்மின்னியக்கு விசையிலிருந்து வேகத்தை ஊகிப்பவை, மோட்டார் நின்றதும் ஊகிக்க ஏதுமின்றித் தவிக்கும். நிலைக்காந்த மோட்டாருக்கும் இதே டி-க்யூ கணிதம் பொருந்துகிறது, நழுவல் மட்டும் கிடையாது. நியோடிமியம் காந்தம் 1980களின் நடுவில் வந்தபின் மின்கார்கள் அந்தப் பக்கம் சாய்ந்தன: 2012ல் மாடல் எஸ் காரைத் தூண்டல் மோட்டாரோடு வெளியிட்ட டெஸ்லா நிறுவனம், 2017ல் மாடல் 3ன் பின்சக்கரங்களுக்கு நிலைக்காந்த மோட்டாரையும் சிலிக்கன் கார்பைடு இன்வெர்ட்டரையும் வைத்தது. காந்தச் செலவில்லாத தூண்டல் மோட்டார் ஆலைகளிலும் இந்திய ரயில்களிலும் தொடர்கிறது.